வயலில் இறங்கிய மகளும், பின்னால் போகத் தெரியாத ட்ரெய்லரும்

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, இரவு ஏழே முக்கால் மணி. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், இரண்டு பக்கமும் வேலிச்செடி அடைத்து நின்ற ஒரு சந்தில், எட்டரை மீட்டர் நீள ட்ரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். முன்னால் பூட்டிய கேட். பின்னால் போகத் தெரியாது. என் 18 வயது மகள் எங்கேயோ ஒரு வயலில், எஞ்சின் இல்லாத விமானத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எந்த வயல் என்பதுதான் தெரியவில்லை. அவள் போனும் அணைந்துவிட்டது. கிளைடர் போட்டிக்குப் போகும் பிள்ளைக்குத் துணையாகப் போவது என்றால் என்ன என்று யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அப்படி ஆகியிருக்காது. சொல்ல ஆள் இல்லாததால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது லெஸ்டரில். 2022 ஆகஸ்டில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர தூரத்தில் உள்ள ஹஸ்பண்ட்ஸ் பாஸ்வொர்த்தில் பெண்களுக்கான உலக கிளைடிங் சாம்பியன்ஷிப் நடந்தது. சும்மா வேடிக்கை பார்க்கப் போனோம். வெள்ளை வெள்ளையாக மெல்லிய சிறகுகள், சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. என் மகளுக்கு அப்போது 15. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு கிளப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். இங்கே 14 வயதிலேயே கிளைடரைத் தனியாக ஓட்டலாம். கார் ஓட்ட 17 ஆக வேண்டும், இதற்கு 14 போதும் என்றபோது எனக்குச் சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "எஞ்சினே இல்லாத ஏரோப்ளேனா? அதுக்கு ஏன்டி காசு குடுக்கே?" என்றார்.

செலவுக்கு நாங்கள் பயந்த அளவுக்கு ஆரம்பத்தில் ஆகவில்லை. கிளப்பில் சிறுவர்களுக்குக் கட்டணம் குறைவு. வார இறுதி முழுக்க அங்கேயே கிடந்து கிளைடர் தள்ளி, கயிறு மாட்டி, பதிவேடு எழுதினால் பறக்கவும் சொல்லித் தருவார்கள். அடுத்த வருடம் தனியாகப் பறந்தாள். அப்புறம் வெள்ளி பேட்ஜ். அதற்கு 50 கிலோமீட்டர் தூரம் பறக்க வேண்டும், 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும், 5 மணி நேரம் தரையிறங்காமல் இருக்க வேண்டும். மூன்றும் முடிந்த கையோடு, மார்ச்சில் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, ஆகஸ்ட்ல ஜூனியர் காம்படிஷன் இருக்கு. ஒன்பது நாள். எனக்கு க்ரூவா வரியா?" சாப்பாடு கட்டித் தருவது, சிறகு நுனியைப் பிடிப்பது, கை தட்டுவது என்று நினைத்துச் சரி என்றேன். அவள் அப்பாவுக்கு மருத்துவமனையில் நைட் டூட்டி, லீவு கிடைக்காது. ஆக நான் மட்டும்தான்.

கிளைடர் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முன்னால் ஒரு சிறு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் 2,000 அடியில் விட்டுவிடும். அதற்கு மேல் வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றுத்தான் எரிபொருள். அதைத் தெர்மல் என்கிறார்கள். பருந்து வட்டமடித்து ஏறுவது போல அதற்குள் சுற்றி ஏறி, மேகத்தடி வரை போய், அங்கிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த தெர்மலைத் தேட வேண்டும். அவள் ஓட்டியது கிளப்புக்குச் சொந்தமான எல்எஸ்4 ரகக் கிளைடர். காற்றே இல்லாத நாளில் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சறுக்கும். போட்டியில் தினமும் காலை ஒரு பாதை கொடுப்பார்கள். அந்தப் புதன்கிழமை 214 கிலோமீட்டர், சுற்றித் திரும்ப வேண்டிய இடங்கள் மூன்று. யார் வேகமாகச் சுற்றி வருகிறார்களோ அவருக்கு அதிகபட்சம் 1,000 புள்ளி. சுற்றி முடிக்க முடியாமல் வழியில் இறங்கினால் பறந்த தூரத்துக்கு மட்டும் புள்ளி. வழியில் இறங்குவது என்றால் யாரோ ஒருவருடைய வயலில். அதை லேண்ட் அவுட் என்கிறார்கள். அது விபத்து அல்ல, விளையாட்டின் ஒரு பகுதி. அதை நான் காதால் கேட்டுக்கொண்டேன், மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. வயலில் இறங்கிய கிளைடரைக் கழற்றி ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருவதுதான் க்ரூவின் முதல் வேலை. சாப்பாடு கட்டுவதெல்லாம் கடைசி.

முதல் அடி ஜூனிலேயே விழுந்தது. எங்கள் கார் ஒரு சின்ன ஹைப்ரிட். அதற்கு ட்ரெய்லர் இழுக்கும் அனுமதியே கிடையாது என்று டவ்பார், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் கொக்கி, மாட்டப் போன இடத்தில் சொன்னார்கள். கணவரின் பழைய டீசல் காருக்கு மாட்டினோம், 620 பவுண்டு. பிள்ளை "வரியா" என்று கேட்ட அன்றே உங்கள் காரின் கையேட்டை எடுத்து, இழுக்கக்கூடிய எடை எவ்வளவு என்று பாருங்கள். கிளைடரும் ட்ரெய்லரும் சேர்த்து எங்களுடையது 900 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். 1997க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள் 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லரை இழுக்க, காரும் அதுவும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால், தனியாக ஒரு தேர்வு கொடுக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். அதிர்ஷ்டம் என்றா சொன்னேன்? அந்தத் தேர்வு இருந்திருந்தால் பின்னால் போகவாவது கற்றிருப்பேன்.

போட்டிக் களத்தில் கூடாரம் போட்டோம். முதல் இரண்டு நாள் மழை. யாரும் பறக்கவில்லை. அந்த இரண்டு நாளில் நான் பக்கத்துக் கூடாரங்களில் இருந்த அப்பா அம்மாக்களோடு பேசி, யார் யாருக்குத் துணை, யாரிடம் போன் நம்பர் என்று ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டும். கூச்சம். எல்லோரும் பல வருடமாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் போல இருந்தார்கள். நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிற யாராவது போகப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே, பறப்பதற்கு முன்பே, இன்னொரு குடும்பத்தோடு ஜோடி சேர்ந்துவிடுங்கள். உங்கள் பிள்ளை இறங்கினால் அவர்கள் உங்களோடு வருவார்கள், அவர்கள் பிள்ளை இறங்கினால் நீங்கள் போவீர்கள். வயலில் இறங்கிய கிளைடரை எடுத்துவரப் போவதை ரிட்ரீவ் என்கிறார்கள். தனியாக ரிட்ரீவ் போகக் கூடாது என்று எழுதப்பட்ட விதி இல்லை. ஆனால் அனுபவம் உள்ளவர்கள் யாரும் தனியாகப் போவதில்லை.

களத்தில் கற்றுக்கொண்டதில் இரண்டை மட்டும் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டவை. காலையில் சிறகுகளை மாட்டி முடித்ததும், பைலட் உள்ளே உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோலை அசைப்பாள். நீங்கள் வெளியே ஒவ்வொரு அசையும் பாகத்தையும் கையால் மெல்ல அழுத்திப் பிடித்து, கோலோடு அது நிஜமாகவே இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் "ஓகே ஓகே" என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, கிளைடரைத் தள்ளிக்கொண்டு போக வால் பக்கம் மாட்டும் சக்கர வண்டி, பெயர் டெய்ல் டாலி. அதைக் கழற்றாமல் கிளம்பினால் வால் கனத்து கிளைடர் கட்டுப்பாட்டை இழக்கும். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறந்துவிடும் விஷயம் இது. கயிறு மாட்டுவதற்கு முன் நான் வாய்விட்டு "டெய்ல் டாலி" என்று சொல்வேன். அவள் கண்ணை உருட்டுவாள், பரவாயில்லை.

இன்னொன்று பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு. நான்கு ஐந்து மணி நேரம் அந்தச் சின்ன இருக்கையில் படுத்த மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பையன்கள் ஒரு பையிலோ குழாயிலோ வேலையை முடித்துவிடுகிறார்கள். பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாவது நாள்தான் தெரிந்தது, அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பறந்திருக்கிறாள். தண்ணீர் குறைந்தால் தலை வலிக்கும், முடிவெடுக்கும் புத்தியும் மந்தமாகும். அங்கிருந்த ஒரு பெண் பைலட் கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்: பெரியவர்களுக்கான டயப்பர், வேறெதுவும் யோசிக்காதே என்று. கடைக்குப் போய் வாங்கி வந்தேன். வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பழகச் சொல்லுங்கள். மேலே போய் முதல் முறை முயன்றால் மனம் ஒப்பாதாம்.

தினமும் காலையில் கிளைடரின் கண்ணாடிக் கூரையை மூடும் முன் நான் ஒரு வாக்கியம் சொல்வேன். வேடிக்கையாகத்தான். "எப்படியாவது இங்கேயே வந்துடு கண்ணா, வயல்ல எல்லாம் இறங்கிடாதே, அந்த ட்ரெய்லரை என்னால ஓட்ட முடியாது." அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை நல்ல வானம் என்றார்கள். காலையில் பஞ்சு பஞ்சாக மேகம். மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்து மெல்லிய மேகத்திரை ஒன்று வந்து வெயிலை மறைத்தது. வெயில் போனால் தெர்மல் போச்சு. நான் போனில் அவளுடைய கிளைடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளைடர்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஃபிளார்ம் என்ற சின்னக் கருவி வைத்திருப்பார்கள். அதன் சமிக்ஞையைத் தரையில் உள்ள ஆன்டெனாக்கள் வாங்கி இணைய வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். 4:58க்கு அவளுடைய புள்ளி 900 அடியில் நின்றது. அசையவில்லை. மறுபடி திறந்து பார்த்தேன். 4:58, 900 அடி. நான் அந்த வரைபடத்தை எத்தனை முறை புதுப்பித்தேன் என்று கணக்கே இல்லை. வாயெல்லாம் உலர்ந்து, காலில் தெம்பு இல்லாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். 27 நிமிடம் கழித்து அவள் போன் வந்தது. பிறகுதான் ஒருவர் விளக்கினார்: கிளைடர் தாழ வந்தால் மரமும் மேடும் மறைத்து தரை ஆன்டெனாவுக்குச் சமிக்ஞை எட்டாது. அதனால் தாழப் போகும் எல்லா கிளைடரும் வரைபடத்தில் அப்படித்தான் காணாமல் போகும். புள்ளி நின்றால் கிளைடர் விழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்த 27 நிமிடம் நான் அப்படித் தவித்திருக்க மாட்டேன்.

"அம்மா, வயல்ல இறங்கிட்டேன், நல்லா இருக்கேன், கிளைடருக்கும் ஒண்ணும் இல்லை." குரல் விட்டு விட்டு வந்தது. பேட்டரி நான்கு சதவீதம், இன்டர்நெட் இல்லை, அதனால் இடத்தை வரைபடமாக அனுப்ப முடியவில்லை. கிளைடரின் கருவியில் தெரிந்த எண்ணைப் படித்தாள். 52, 14.6 வடக்கு. 0, 24.3 மேற்கு. கையில் எழுதிக்கொண்டேன். போன் போய்விட்டது. அதை அப்படியே காரின் வரைபடத்தில் 52.146, மைனஸ் 0.243 என்று தட்டினேன். சாண்டி என்ற ஊருக்குக் கிழக்கே ஒரு இடம் காட்டியது, சுற்றிலும் வயல். வயலில்தானே இறங்கியிருக்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று கிளம்பினேன்.

கணக்கில் கெட்டிக்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். கிளைடர் கருவி காட்டுவது டிகிரி, நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். போன் வரைபடம் எதிர்பார்ப்பது டிகிரியின் பத்தில், நூறில் ஒரு பங்குகள். 14.6 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.243. 24.3ஐ வகுத்தால் 0.405. ஆக நான் தட்டியிருக்க வேண்டியது 52.243, மைனஸ் 0.405. நான் போன இடம் அவள் இருந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் 15 கிலோமீட்டர் தள்ளி. எதிலுமே தப்பு தெரியாத மாதிரியான தப்பு இது. இறங்கிய உடனே, கிளைடரை விட்டு நகர்வதற்கு முன்பே, போனிலிருந்தே இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். எண்ணைப் படித்தால் "டிகிரி, நிமிடம்" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அருகில் உள்ள ஊர் பெயரையும் கேளுங்கள். போன் அவள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். எமர்ஜென்சியில் பாராசூட்டோடு வெளியே குதிக்க நேர்ந்தால் இருக்கைப் பக்கத்தில் வைத்த போன் கூட வராது. ஒரு பவர் பேங்க் 15 பவுண்டு. அது இல்லாததால் ஆன செலவைக் கீழே எழுதுகிறேன்.

வரைபடம் என்னை அந்தச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனது. கடைசியில் பூட்டிய கேட். அவள் இல்லை. கிளைடர் இல்லை. கூப்பிட்டால் நேராக வாய்ஸ்மெயில். ட்ரெய்லரைப் பின்னால் தள்ளினேன். நான் இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போனது. மூன்றாவது முயற்சியில் ட்ரெய்லரின் பின்மூலை கேட் தூணில் மோதி ஃபைபர் விரிசல் விட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் அழுகை. வண்டியைப் பற்றி அழவில்லை. இருட்டப் போகிறது, பிள்ளை எங்கே என்று தெரியவில்லை, நான் இப்படி ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு என்ன அம்மா என்று அழுதேன்.

ஒரு டிராக்டர் வந்தது. எழுபது வயது இருக்கும் அவருக்கு. இறங்கி வந்து ட்ரெய்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியைத் தானே எடுத்துத் தருவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் நின்று சொன்னார்: கையை ஸ்டியரிங்கின் மேல் பக்கம் வைக்காதே, அடியில் வை. இப்போது ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. கொஞ்சம், கொஞ்சம், மெதுவாக. அது கோணல் ஆனால் நிறுத்து, முன்னால் எடு, நேராக்கிவிட்டு மறுபடி வா. பத்து நிமிடத்தில் சந்தின் வாய்க்கு வந்துவிட்டேன். ஐந்து மாதமாக நான் பயந்துகொண்டிருந்த விஷயம் பத்து நிமிடப் பாடம். கொண்டுவந்திருந்த புளியோதரையில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், அது என்னவென்று கேட்கவில்லை.

சந்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. போட்டி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இறங்கிய பைலட்கள் அங்கும் சொல்ல வேண்டும். யாரும் விட்டுப்போகவில்லை என்று அவர்கள் சரிபார்த்த பிறகுதான் நிம்மதி. சொல்லாவிட்டால் தேடத் தொடங்குவார்கள். மகள் போன் அணையும் முன் அவர்களிடமும் சொல்லியிருந்தாள். மறுமுனையில் இருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வியே, "எண்ணை எப்படித் தட்டினீர்கள்?" என்பதுதான். நான் சொன்னேன். ஒரு பெருமூச்சு கேட்டது. இந்த வாரம் நீங்கள் மூன்றாவது ஆள் என்றார்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அறுவடை முடிந்த கோதுமை வயல், தாள்கட்டை மட்டும். ஆகஸ்டில் இந்தப் போட்டிகளை வைப்பதற்கு இது ஒரு வசதி, இறங்க வயல் கிடைக்கும். கேட் வாசலில் விவசாயியும் அவர் மனைவியும் டார்ச்சோடு நின்றார்கள், மகள் அவர்கள் வீட்டில் டீ குடித்து முடித்திருந்தாள். இங்கே ஒரு ஒழுக்கம் உண்டு. வயல்காரரிடம் கேட்காமல் வண்டியை உள்ளே விடக் கூடாது. பயிர் நின்றால் அதன் மேல் ஏற்றவே கூடாது, கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே மூடிவிட்டு வர வேண்டும். பயிருக்குச் சேதம் ஆகியிருந்தால் கிளைடரின் இன்ஷூரன்ஸ் விவரத்தை நீங்களாகவே கொடுத்துவிட வேண்டும். மாடு இருக்கும் வயலாக இருந்தால் கிளைடரை விட்டு நகரவே கூடாது, நக்கும், முதுகு தேய்க்கும். ஒரு சிறகு என் எடையைவிட அதிகம். பகலில் மூன்று பேர் செய்யும் வேலையை, இருட்டில், இந்த வேலை தெரியாத ஒரு விவசாயியின் உதவியோடு ஒன்றரை மணி நேரம் செய்தோம். தலையில் மாட்டும் டார்ச் இரண்டு, கையுறை, மழைக் காலணி. இந்த மூன்றும் ட்ரெய்லரிலேயே இருக்கட்டும்.

களத்துக்குத் திரும்பும் வழியில் காரில்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவே, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னாள். அவர்களுக்குக் கற்றுத்தருவது இப்படி: 2,000 அடிக்கு வந்தால் இறங்கத் தோதான பகுதியைப் பார், 1,500 அடியில் வயலைத் தேர்ந்தெடு, 1,000 அடியில் முடிவு செய்து அதற்கான சுற்றைத் தொடங்கு. கம்பி இருக்கிறதா, சரிவா, பயிரா, மாடா என்று மேலிருந்து பார்க்க நேரம் வேண்டும். அன்று அவள் 1,500 அடியில் ஒரு நல்ல வயலைப் பார்த்திருக்கிறாள். அதை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று செத்துப்போன காற்றில் தெர்மல் தேடியிருக்கிறாள். வயலை முடிவு செய்தது 500 அடியில். கடைசி நேரத்தில்தான் அதில் ஒரு மின்கம்பி ஓடுவது தெரிந்து அதற்கு மேலாகத் தாண்டி இறங்கியிருக்கிறாள். "ஏன்டா கண்ணா?" என்றேன். "நீ தனியா ட்ரெய்லர் எடுத்துட்டு வரணுமேன்னு நினைச்சேன்மா. நீ தினமும் சொல்வியே."

நான் எதுவும் பேசவில்லை. பேச வாய் வரவில்லை. தினமும் காலையில் வேடிக்கையாகச் சொன்ன வாக்கியம் அவளோடு சேர்ந்து கண்ணாடிக் கூரைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ட்ரெய்லர் மேல் இருந்த பயத்தை 500 அடி வரை அவள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். க்ரூவாகப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, "எப்படியாவது வந்துடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையில் கூரையை மூடும்போது, "எங்க வேணா இறங்கு, நான் வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ரிவர்ஸ் எடுக்கப் பழக வேண்டும், டயர் பார்க்க வேண்டும், ஜோடி சேர வேண்டும்.

டயர் என்றதும் நினைவு வருகிறது, அந்த ராத்திரி அதோடும் முடியவில்லை. பதினொன்றே காலுக்கு ஏ14 சாலையில் ட்ரெய்லரின் இடது டயர் வெடித்தது. ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிந்தது. அப்படி நெளிந்தால் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டக் கூடாது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மகள்தான் கத்தினாள். ஒதுங்கி நிற்கும் ஒரு இடம் வரை ஊர்ந்து போனோம். ஸ்பேர் டயர் இருந்தது, காற்று இல்லை. வண்டி வழியில் பழுதானால் உதவும் பிரேக்டவுன் கவருக்குப் போன் செய்தால், 7 மீட்டருக்கு மேல் நீளமான ட்ரெய்லர் எங்கள் பாலிசியில் வராது என்றார்கள். சின்ன எழுத்தில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. ராத்திரியில் வந்து டயர் மாற்றும் ஒருவரைப் பிடித்தோம், 195 பவுண்டு. அவர் கழற்றிய டயரின் பக்கவாட்டைக் காட்டினார். நான்கு இலக்க எண் ஒன்று இருந்தது, 2311. 2011ஆம் வருடம் 23ஆம் வாரம் தயாரித்தது என்று அர்த்தம். மேல் பள்ளம் புதுசு மாதிரி இருந்தது, ஏனென்றால் ட்ரெய்லர் வருடத்தில் பத்து நாள்தான் ஓடும். ஆனால் ரப்பர் நின்றபடியே கிழடாகிவிட்டது. டயரின் பள்ளத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். களத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். ட்ரெய்லர் இழுக்கும்போது பெரிய சாலையிலும் மணிக்கு 60 மைல்தான் சட்டம், நான் 45ல் வந்தேன்.

வியாழக்கிழமை அவள் பறக்கவில்லை. வானம் அருமையாக இருந்தது, நண்பர்கள் எல்லாம் போனார்கள், அவள் கண் கலங்கினாள். நான்கு மணி நேரம் தூங்கியவளை மேலே அனுப்ப மாட்டேன் என்றேன். 18 வயது ஆனவளை நான் தடுக்க முடியாது, அவளும் மல்லுக்கு நிற்கவில்லை. அன்றைய புள்ளி பூஜ்யம், பட்டியலில் கீழே போய்விட்டாள். அதற்கு இப்போதும் எனக்கு வருத்தம் இருக்கிறது. அவளுக்கு இருக்கிறதா என்று கேட்டதில்லை.

பணக் கணக்கு. நுழைவுக் கட்டணம் 310, கயிறு கட்டி ஏற்றும் விமானத்துக்கு 322, கிளப்புக்குக் கிளைடர் வாடகை 225, டவ்பார் 620, டீசல் 240, ராத்திரி டயர்க்காரர் 195, மறுநாள் மற்ற டயரையும் ஸ்பேரையும் மாற்றியது 130, ட்ரெய்லர் மூலை விரிசலுக்கு 150. மொத்தம் 2,192 பவுண்டு. அலுவலகத்தில் ஏழு நாள் லீவு தனி. இதில் கடைசி மூன்றும் சேர்ந்து 475. இது கிளைடிங்கின் செலவு இல்லை, என் அறியாமையின் செலவு. அதிலும் கிளப் ட்ரெய்லரின் கிழட்டு டயருக்கு நாங்கள் ஏன் கொடுத்தோம் என்று இன்றைக்கும் கோபம் வரும். கேட்டபோது, எடுத்துக்கொண்டு போகிறவர்தான் பார்த்து எடுத்துப் போக வேண்டும் என்றார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்று எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இளம் பைலட்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அறக்கட்டளைகள் இங்கே இருக்கின்றன. குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் ஜூலையில் விசாரித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை நான் பக்கத்துக் கூடாரத்துப் பையனின் அப்பாவிடம் போய், இனி இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா என்று கேட்டேன். நேற்றே கேட்டிருக்கலாமே, நானும் தனிதான் என்றார். அன்று அவர் மகன் இறங்கினான், நான் கூடப் போனேன். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம், வழியில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வேறு.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. கூரையை மூடும் முன் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மாலை நாலே முக்காலுக்கு அவள் புள்ளி வரைபடத்தில் 1,100 அடியில் நின்றது. நான் காபியைக் குடித்து முடித்தேன், ட்ரெய்லரின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், டயரைக் காலால் தட்டினேன். பன்னிரண்டு நிமிடத்தில் போன் வந்தது. களத்துக்கு 12 கிலோமீட்டர்தான் மிச்சம்.

"அம்மா, லொகேஷன் அனுப்பிட்டேன். வயல்காரர்கிட்ட கேட்டுட்டேன். கேட் அகலம்தான், ட்ரெய்லரைத் திருப்ப நல்லா இடம் இருக்கு. மெதுவா வா."